ஒரு கீப்பரின் விரலும் என் வாயும்

வர்ணனை அறைக்குள் புதிதாக நுழைந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களுக்காக எழுதச் சொல்லி என்னைக் கேட்டவர்கள், நான் எந்தெந்த கோலுக்கு எப்படியெல்லாம் கத்தினேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் சொல்ல உங்களுக்கு வேறு ஆட்கள் கிடைப்பார்கள். தன்னைப் பற்றித் தானே பேச இந்தத் தொழிலில் ஆள் பஞ்சம் இல்லை. நான் எழுதப் போவது, இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிற ஒரு விஷயம். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அது இன்னொரு பொய்யாகிவிடும். பொய் போதும் எனக்கு.

நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் நடக்கக் கற்ற கையோடு பந்து உதைக்கக் கற்றுக்கொள்வார்கள். நானும் உதைத்தேன், சுமாராகத்தான். ஆனால் வாய் மட்டும் முதல் தரம். பொங்கலுக்கு நடக்கும் போட்டிகளில் மைக்கைப் பிடித்து, கோல் விட்டவனையும் விட்டவனுடைய மாமனாரையும் சேர்த்துக் கலாய்ப்பேன். ஆட்டத்தைப் பார்க்க வராதவர்கள்கூட என் பேச்சைக் கேட்க வந்தார்கள். அங்கிருந்து கேபிள் டிவி, பிறகு ஒரு விளையாட்டுச் சேனல். ஐம்பத்தைந்து வயதில், ஜெர்மனியின் முதல் பிரிவுக் கால்பந்து லீக்கை ஒரு சீசன் முழுக்கத் தமிழில் வர்ணிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

ஜெர்மனி என்றதும் என் மச்சான், "பாஸ்போர்ட்டு எட்த்துட்டியா மாமு?" என்றான். பாஸ்போர்ட் எதற்கு? உங்களுக்கே தெரியும். ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு திரை, இரண்டு நாற்காலிகள், தலையில் மாட்ட ஒரு ஹெட்போன். அங்கே மைதானத்தில் பனி கொட்டும். இங்கே நான் ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருப்பேன். நாம் மைதானத்தில் இல்லை என்பது பார்ப்பவருக்கு ஞாபகமே வராதபடி பேசவேண்டும், அதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரன். என் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் தயாரிப்பாளர் ஒரு பெண். என்னைவிட இருபது வயது சின்னவர். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார், அதனால் எழுதவில்லை. முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சார், தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியலன்னா சும்மா இருங்க. மைதானத்துல கூட்டம் சத்தம் போட்டுட்டே இருக்கும், அது பாத்துக்கும்." எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வளர்ந்த மைதானங்களில் மைக் ஐந்து நொடி சும்மா இருந்தால், "இன்னா மைக்கு, தூங்கிட்டியா?" என்று செருப்பு பறக்கும். சின்னப் பெண், ஏதோ படித்துவிட்டு வந்து பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எனக்குச் சொன்னதில் பாதியைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சீசன் தொடங்கி நாலைந்து வாரம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி ஆட்டம். பட்டியலில் கடைசியில் கிடந்த ஓர் அணிக்கும் அதைவிடக் கொஞ்சம் மேலே கிடந்த இன்னோர் அணிக்கும் நடந்தது. அப்படி ஒரு அறுவையான ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் பந்து ஒரு பக்கமும் உருப்படியாகப் போகவில்லை. அப்போது கேமரா அந்தக் கடைசி அணியின் கோல்கீப்பரை அருகில் காட்டியது. கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். இடது கையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

என் முன்னால் இருந்த தாளில் அவனுடைய வயதும் உயரமும் மட்டும் இருந்தன. விரலைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. கீப்பர்கள் முன்னெச்சரிக்கையாகப் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வது சகஜம், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறந்தது. "பாத்தீங்களா அந்த விரல? ஒடஞ்ச விரலுங்க! டாக்டர் ஆறு வாரம் ரெஸ்ட் எடுன்னாரு. நம்ம ஆளு ஆஸ்பத்திரி வாசல்லேந்து திரும்பி வந்துட்டாரு. ரெண்டு விரலையும் சேத்துச் சுத்து, எறங்கு! விரல் போனா போவுது, கோல் போவக் கூடாது!"

அடுத்த நிமிடமே அவன் ஒரு பந்தைப் பாய்ந்து தட்டிவிட்டான். அவன் நேரமா என் நேரமா தெரியவில்லை, அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வியாசர்பாடியில் ஆட்டோவின் முதுகில் அந்த வசனத்தை எழுதினார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கி இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்கள். அந்த கீப்பருக்கு "பிளாஸ்திரி அண்ணன்" என்று பெயர் வைத்தேன். கடைசி இடத்தில் கிடந்த ஓர் அணிக்கு வடசென்னையில் ரசிகர்கள் முளைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, தலைக்கு ஏறிவிட்டது.

தயாரிப்பாளர் அன்றைக்கே கேட்டார். "சார், அந்த விரல் மேட்டர் எங்க படிச்சீங்க?"

"ஜெர்மன் பத்திரிகையில வந்துச்சும்மா" என்றேன். எனக்கு ஜெர்மன் மொழியில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வாராவாரம் அந்தக் கதைக்குக் கை கால் வைத்தேன். விரல் வீங்கிப் போயிருக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை, ஆனால் ஒரு ஆட்டம்கூட விடமாட்டேன் என்று மேனேஜரிடம் சத்தியம் பண்ணியிருக்கிறார். எல்லாம் என் கற்பனை. பாவம், அந்த மனுஷன் பாட்டுக்கு ஜெர்மனியில் நன்றாகத் தூங்கியிருப்பான்.

டிசம்பர் கடைசியில் அங்கே குளிருக்கு லீக்கை நிறுத்துவார்கள். பொங்கலையொட்டி மறுபடி தொடங்கும். அப்படித் தொடங்கிய இரண்டாவது சனிக்கிழமை நடந்ததைத்தான் நீங்கள் கவனித்துப் படிக்கவேண்டும்.

ஆட்டத்தின் பாதி இடைவேளையில் நேயர்கள் அனுப்பும் வாய்ஸ் நோட் ஒன்றை ஒலிபரப்பி, நான் பதில் சொல்வது வழக்கம். எது ஒலிபரப்பாகும் என்று எனக்கு முன்னால் தெரியாது, தயாரிப்பாளர்தான் தேர்ந்தெடுப்பார். அன்றைக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது ஹெட்போனில் அவர் குரல் கேட்டது. "சார், ஒண்ணு வந்திருக்கு. ஏர்ல போகாம உங்களுக்கு மட்டும் போடறேன். கேளுங்க."

ஒரு அம்மாவின் குரல். பின்னால் மீன் மார்க்கெட் இரைச்சல்.

"நைனா, நான் எண்ணூர் குப்பத்துலேந்து தேசராணி பேசறேன்பா. காலடிப்பேட்டைல மீன் விக்கறேன். எம் பொண்ணு பவித்ரா, பொம்பளப் புள்ளைங்க டீம்ல கோலு நிக்கறா. பொங்கல் மேட்ச்ல பந்து பட்டு வெரலு வீங்கிக்கினு கீது. ஒரு வாரம் ஆவுது, மடக்க முடியல. ஆஸ்பத்திரிக்கி வாடின்னு இஸ்தாலும் வர மாட்டேன்றா. 'பிளாஸ்திரி அண்ணன் ஆஸ்பத்திரிக்கா போனாரு, எனுக்கும் தானா சரியாப் பூடும்'ன்றா. நீதான் சொன்னியாமே. நெசமா நைனா? நான் சொன்னா எங்க கேக்கறா. நீ சொன்னா கேப்பா. டிவில ஒரு வார்த்த சொல்லுப்பா."

ஹெட்போனில் மறுபடி தயாரிப்பாளர். "சார், இன்னும் ரெண்டு நிமிஷம் விளம்பரம் இருக்கு. அந்தக் கதை நெசமா இல்லயா, இப்ப சொல்லிடுங்க. நெசமில்லன்னா ஒண்ணும் குடி முழுகிடாது. தப்பாச் சொல்லிட்டேன், டாக்டர்ட்ட போம்மான்னு ரெண்டு வரி. நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு பெரிய வாய்ப்பு, பாருங்கள். என்னைக் காட்டிக்கொடுக்காமல், மரியாதையாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு எண்ணூர்ப் பெண்ணின் விரல் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆட்டோ முதுகில் எழுதிய வசனம் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள், அது வந்தது. புளுகினான் புளியந்தோப்பு மைக்கு என்று நாளைக்கு டீக்கடையில் சிரிப்பார்களே என்று வந்தது. அந்தப் பெண்ணைத் தவிர எல்லாமே வந்தது.

"நெசம்தாம்மா" என்றேன். "ஏர்ல போடுங்க."

"சார்..."

"போடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

வாய்ஸ் நோட் ஒலித்தது. மைக் திறந்தது. நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "எண்ணூர்ல நமக்கு ஒரு பிளாஸ்திரி தங்கச்சி இருக்காங்க, கேட்டீங்களா! அம்மா, நீங்க ஒண்ணும் பேஜாராவாதீங்க. ரெண்டு விரலயும் சேத்து நல்லா இறுக்கிச் சுத்துங்க. அண்ணனுக்குச் சரியாப் போனது தங்கச்சிக்கும் சரியாப் போவும். தங்கச்சி, விரல் போனா போவுது, கோல் போவக் கூடாது!"

வைத்தியமும் பார்த்திருக்கிறேன், கவனித்தீர்களா? பக்கத்து நாற்காலியில் இருந்த சக வர்ணனையாளர் கைதட்டினார். அன்றைக்கு ஆட்டம் முடிகிறவரை, வேலைக்குத் தேவையான சொற்களைத் தவிர, தயாரிப்பாளர் என்னிடம் எதுவும் பேசவில்லை.

ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு வந்தது. பிளாஸ்திரி அண்ணனின் அணி தட்டுத்தடுமாறி மேலே வந்து ஓர் ஆட்டத்தில் ஜெயித்தது. முடிந்ததும் அவனை நிறுத்தி ஆங்கிலத்தில் பேட்டி எடுத்தார்கள். வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டியது நான். அந்தப் பேட்டியாளர் பிளாஸ்திரியைக் காட்டிக் கேட்டுத் தொலைத்தார். அவன் சிரித்துக்கொண்டே, சின்ன வயதிலிருந்து பழக்கம், இது இல்லாமல் கையுறை சரியாக உட்கார்ந்த மாதிரி இருக்காது, விரல் ஒருநாளும் உடைந்ததில்லை, கடவுள் புண்ணியம் என்றான். நான் தமிழில், "ரசிகர்களோட அன்புதான் என் மருந்துன்னு சொல்றாரு" என்றேன்.

தயாரிப்பாளருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்தார். "சார், எண்ணூர் அம்மாவோட நம்பர் ஆபீஸ்ல இருக்கு. நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?" என்றார். "சீசன் முடியட்டும், நானே நேர்ல போறேன்" என்றேன். அவர் என்னை நம்பினார். என் வயதுக்குக் கொடுத்த மரியாதை அது. சீசன் முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பெண்ணின் விரலுக்குள் அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. யாராவது கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், இந்நேரம் சரியாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொன்ன பொய்தான் இருப்பதிலேயே சுலபமாகப் போணியானது.

மே மாதம், சீசனின் கடைசி சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும். பிளாஸ்திரி அண்ணனின் அணி ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கும், இல்லாவிட்டால் கீழே போகும். அந்த வாய்ஸ் நோட் பிரபலமாகியிருந்ததால், எண்ணூர் குப்பத்தில் பெரிய திரை வைத்து ஆட்டத்தைக் காட்ட சேனல் ஏற்பாடு செய்தது. அன்றைக்கு வர்ணனையை என் சகாவிடம் விட்டுவிட்டு, நான் அங்கே போய் மக்களை உற்சாகப்படுத்த வேண்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். முகத்துவாரத்தை ஒட்டிய மணல் மைதானம். அனல் மின் நிலையத்திலிருந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் படிந்திருந்த சாம்பலை ஆளாளுக்குத் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விசில் பறந்தது. தேசராணி அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா நைனா. நாஷ்டா துன்னியா? வூட்டாண்ட வா, எறா வறுத்து வெச்சுக்கிறேன்" என்றார். பின்னாலேயே பவித்ரா வந்தாள். இருபது வயது இருக்கும். நல்ல உயரம், கீப்பருக்கு ஏற்ற தோள். கை கொடுக்க நீட்டினேன். அவள் வலது கையைக் கொடுத்தாள். இடது கையை உயர்த்தி, எல்லோரும் காட்டுவதுபோல் எனக்குக் காட்டினாள். பிளாஸ்திரி சுற்றிய இரண்டு விரல்கள்.

அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். பிளாஸ்திரியைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். பிரித்தாள். சுண்டு விரல் நேராக இருந்தது. மோதிர விரல் நடு மூட்டில் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, விறைத்து நின்றது.

"மடக்கும்மா" என்றேன்.

"அதான் அங்கிள் வர மாட்டேன்து. போன வாரம் செலக்சன் போயிருந்தேன். கெவருமெண்டு ஆபீஸ் ஒண்ணுல ஸ்போர்ட்ஸ் கோட்டால ஆள் எடுக்கறாங்க. வேல கெடச்சா அம்மா மார்க்கெட்டுக்குப் போவ வோணாம். மூணு வர்சமா அதுக்குத்தான் ஆடிக்கினு இருந்தேன். பந்தப் புடிச்சா கைல நிக்கல அங்கிள், நழுவிக்கினே போச்சு. அனுப்பிட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பரவால்ல, அடுத்த வர்சம் கீது."

தேசராணி அம்மா இறால் தட்டை என் முன்னால் வைத்தார். "நீ சொன்னதுக்கு அப்பால நான் ஆஸ்பத்திரின்ற பேச்சயே எடுக்கல நைனா" என்றார். அதில் குற்றச்சாட்டே இல்லை. சொன்னபடி கேட்டேன் என்று எனக்குத் தெரிவித்தார், அவ்வளவுதான். என்னால் அந்தத் தட்டைப் பார்க்க முடியவில்லை.

இதற்குப் பிறகு நடந்தவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல என்னால் முடியாது. அன்றைக்கு அந்த அணி ஜெயித்துத் தப்பித்தது. நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மறுநாள்தான் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் தயாரிப்பாளரும் நானும் பவித்ராவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அடிபட்ட இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் கட்டுப் போட்டே சரிசெய்திருக்கலாம் என்றார் டாக்டர். தப்பாகக் கூடிய எலும்பை மறுபடி உடைத்து வைத்தார்கள். இப்போது பாதி மடங்குகிறது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினி வேலை பார்க்கிறாள். கோலில் நிற்பதில்லை. அம்மா இன்னும் மார்க்கெட்டுக்குப் போகிறார். அடுத்த சீசனின் முதல் சனிக்கிழமை, அதே பாதி இடைவேளையில், நான் சொன்னது பொய் என்று ஒரு நிமிடம் பேசினேன். அன்றோடு மைக்கை வைத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. பழைய வீடியோ இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாயில் வார்த்தை இல்லாதபோது சும்மா இருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பேசிவிட்டீர்கள் என்றால், தப்பு என்று தெரிந்த அந்த நிமிடமே திருத்துங்கள். நாம் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து பேசுவதை, யாரோ ஒருத்தர் தன் வீட்டில் உட்கார்ந்து தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறார்.

எண்ணூரில் அந்த வீட்டுக்கே திரும்புகிறேன். வெளியே என் பெயரைச் சொல்லி மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கப் போனேன். பவித்ரா பிளாஸ்திரியை மறுபடி சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், பிளாஸ்திரி அண்ணனுக்கு எத்தினி மாசத்துல சரியாச்சு? அத்த வெச்சு நானும் கணக்குப் பண்ணிப்பேன்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு சொன்னேன். அவனுக்கு விரலே உடையவில்லை என்றேன். அது அவனுடைய பழக்கம், நான்தான் ஆட்டம் போரடித்தது என்று கதை கட்டினேன், அம்மா கேட்டபோதும் தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். தேசராணி அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

பவித்ராவின் கை நின்றுவிட்டது. பாதி சுற்றிய பிளாஸ்திரி தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அப்போ, இத்தினி நாளு வலி எனுக்கு மட்டுந்தானா அங்கிள்?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.